ஜல்லி போட்ட பாதையில் கார் நிறுத்தினால் சக்கரம் இறங்குகிறது, என்ன செய்யலாம்? (மடிப்பாக்கம்)

ஒத்தையடிப்பாதை | டிசம்பர் 9, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் தனி வீடு. கேட்டிலிருந்து பின்பக்கம் வரை வீட்டை ஒட்டி 38 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு ஒரு பாதை. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் வெறும் மண்தான். மழை வந்தா சேறு. ஒரு மேஸ்திரி சொன்னாரேன்னு ஒரு யூனிட் (நூறு கன அடி) முக்கால் இன்ச் ஜல்லி கொட்டிப் பரப்பினோம். பார்க்க அழகா இருந்தது, எங்க ஆல்டோ நின்ன வரைக்கும் தொந்தரவும் இல்ல.

இப்போ மாடியில குடிவந்தவங்க இன்னோவா வெச்சிருக்காங்க. போன மாசம் மழையில இடது பக்கச் சக்கரம் ரெண்டும் ரிம் வரைக்கும் உள்ள போயிடுச்சு. ஜாக்கி வெச்சா ஜாக்கிதான் மண்ணுக்குள்ள இறங்குது, வண்டி ஏறல. கடைசியில சென்ட்ரிங் பலகை ரெண்டு கடன் வாங்கி, தெருவுல நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி எடுத்தோம்.

இன்னொரு யூனிட் வாங்கிக் கொட்டினேன். பத்தே நாள், அதையும் காணோம். இந்த ஜல்லியெல்லாம் எங்கதான் போகுது? இன்னும் கொட்டுன்னு ஒருத்தர், பேவர் கல் பதின்னு ஒருத்தர், மொத்தமா காங்கிரீட் போட்டு மூடுன்னு என் மச்சான். யார் பேச்சைக் கேக்கறது?

---

நாலாவது மாடி | டிசம்பர் 9, இரவு 10:31

மச்சான் பேச்சைக் கேளுங்க. காங்கிரீட். வேலை முடிஞ்சது.

---

பழைய ஓவர்சியர் | டிசம்பர் 10, காலை 5:48

தம்பி, அவசரப்பட்டு எதையும் கொட்டாதீங்க. நெடுஞ்சாலையில முப்பது வருஷத்துக்கு மேல இதே வேலை பார்த்தவன் சொல்றேன். ஜல்லி எங்கேயும் போகல, உங்க வீட்டுக் களிமண்ணுக்குள்ளதான் புதைஞ்சு கிடக்கு. ஜல்லி கீழ இறங்க, களி மேல வந்துக்கிட்டே இருக்கும். நீங்க கொட்டக் கொட்ட அது முழுங்கும்.

முதல்ல மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. சக்கரம் இறங்கின இடத்துல ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, என்னென்ன அடுக்கு வருதுன்னு பாருங்க. மொட்டை மாடித் தண்ணிக் குழாய் எங்க வந்து விழுதுன்னு பாருங்க. சம்ப் (தரைக்கு அடியில இருக்கற தண்ணித் தொட்டி), செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய் எதாவது அந்தப் பாதைக்கு அடியில ஓடுதான்னு பாருங்க. மூணாவதைப் பார்க்காம கடப்பாரையைத் தூக்காதீங்க.

---

டிப்பர் தம்பி | டிசம்பர் 10, காலை 9:05

வணக்கம்ணா. ஜல்லி, எம்-சாண்ட் சப்ளை பண்றேன், அதனால என் தொழில் பக்கம் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க "முக்கால் ஜல்லி" மட்டும்தான் கொட்டியிருக்கீங்க. அது காங்கிரீட்டுக்குப் போற 20 எம்.எம். கல். எல்லாம் ஒரே சைஸ். நடுவுல பொடியே இல்லாததால ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது, சக்கரம் ஏறினா கோலிக் குண்டு மாதிரி ஒதுங்கும். கார் நிக்கணும்னா சின்னது, பெருசு, டஸ்ட் (கல் பொடி) எல்லாம் கலந்த சரக்கு வேணும். கிரஷர்ல "வெட் மிக்ஸ்"னு கேட்டா கொடுப்பாங்க.

இன்னொண்ணு. போன்ல "கிராவல்"னு கேட்டுடாதீங்க. யூடியூப்ல வெளிநாட்டுக்காரன் கிராவல்னு சொன்னா ஜல்லி. நம்மூர்ல கிராவல்னு சொன்னா லோடு நிறைய செம்மண்ணு வந்து இறங்கும். போன மாசம்கூட ஒரு அக்கா அப்படித்தான் ஆர்டர் போட்டுட்டு, வந்த லோடைப் பார்த்துட்டு என்னோட சண்டை.

---

பெசன்ட் நகர் மொட்டைமாடி | டிசம்பர் 10, மதியம் 1:20

எங்க பக்கம் கடற்கரை மணல். சேறே கிடையாது. ஆனா நான் வேற ஒரு தப்பு பண்ணினேன், கேட்டுக்கோங்க. அழகுக்காக உருண்டை உருண்டையா வெள்ளைக் கூழாங்கல் வாங்கி மூணு இன்ச் போட்டேன். காரை உள்ள திருப்பினா சக்கரம் சுத்துது, வண்டி நகரல. நின்ன இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடிச்சா ரெண்டு கிண்ணம் தோண்டினாப்ல பள்ளம். எங்க அம்மா அதுல நடக்கவே பயந்தாங்க. தெருப் பூனைங்களுக்கு மட்டும்தான் அது ரொம்பப் பிடிச்சிருந்தது, எதுக்குன்னு சொல்ல வேண்டாம்.

அப்புறம் உடைச்ச கல்லா மாத்தி, ரெண்டு ஓரத்துலயும் கர்ப் கல் பதிச்சு அணை கட்டினதுக்கு அப்புறம்தான் நின்னது. ஓரம் கட்டாத ஜல்லி தாம்பாளத்துல கொட்டின அரிசி மாதிரி, பரவிக்கிட்டே போகும்.

---

சேலையூர்வாசி | டிசம்பர் 10, மாலை 6:44

சேறு மேல வராம இருக்க நான் ஒரு ஐடியா பண்ணினேன். தேர்தல் முடிஞ்சதும் சும்மா கிடைச்ச ஃபிளக்ஸ் பேனரை விரிச்சு அதுக்கு மேல ஜல்லி. செலவே இல்ல.

---

கொத்தனார் மகள் | டிசம்பர் 10, மாலை 7:15

சேலையூர் சார், தப்பா நினைக்காதீங்க, ஃபிளக்ஸ் வேண்டாம். தண்ணி கீழ இறங்காது, மேலயும் வராது. பேனர் மேலேயே தேங்கி நின்னு ஜல்லியை வழுக்க வைக்கும். அதோட அது ஆறு மாசத்துல கிழிஞ்சு துணுக்குத் துணுக்கா வெளிய வரும். இதுக்குன்னே ஜியோடெக்ஸ்டைல்னு ஒரு துணி இருக்கு. தண்ணியை விடும், களியை விடாது. ரோடு வேலையில, ரயில் பாதையில எல்லாம் போடறாங்க.

(அப்பா கொத்தனார், நான் சிவில் படிச்சு சைட்ல இருக்கேன். பேர் அதனால.)

---

சேலையூர்வாசி | டிசம்பர் 10, மாலை 7:22

ஏற்கெனவே கிழிஞ்சிடுச்சு மேடம். வேட்பாளர் முகம் பாதி வெளிய தெரியுது. தினம் அவர் மேலதான் காரை ஏத்தறேன்.

---

ஒத்தையடிப்பாதை | டிசம்பர் 14, மதியம் 12:03

ஓவர்சியர் ஐயா, குழி வெட்டியாச்சு. மேல ரெண்டு இன்ச்ல ஜல்லியும் சேறும் கலந்து பாயசம் மாதிரி. அடுத்து நாலு இன்ச் செம்மண். அதுக்குக் கீழ அரை அடிக்கு ரப்பிஷ்: உடைஞ்ச செங்கல், ஓடு, சிமெண்ட் மூட்டைச் சாக்கு, ஒரு பிளாஸ்டிக் மக்குகூட வந்தது. ரோடு உயர உயர வீடு பள்ளமாப் போகுதுன்னு மாமனார் ஒரு காலத்துல ரெண்டு லோடு ரப்பிஷ் அடிச்சு மேடு பண்ணினாராம். அதுக்கும் கீழ கறுப்புக் களி. 12 எம்.எம். கம்பியைக் கையால அழுத்தினேன், ஒரு அடி சும்மா இறங்குது. மழை விட்டு நாலு நாளாகியும் குழியில தண்ணி ஊறி நிக்குது.

மாடிக் குழாய் ரெண்டும் சரியா அந்த இடத்துலதான் விழுது. 2003-ல எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்போ கட்டின தொட்டி ஒண்ணு அங்க இருக்கு. மூடியைத் திறந்தா வாய் வரைக்கும் வண்டல். சம்ப் கேட்டுக்குப் பக்கத்துல, பாதையோட ஓரத்துல. செப்டிக் டேங்க் பின்னாடி, இதுல வரல.

---

பழைய ஓவர்சியர் | டிசம்பர் 14, இரவு 8:30

நினைச்சேன். அந்தத் தொட்டி இருபது வருஷமா உங்க மாடித் தண்ணி முழுக்க வாங்கி, பாதைக்கு அடியிலேயே ஊற விட்டிருக்கு. சென்னையில வருஷத்துக்குச் சராசரி 1400 மி.மீ. மழை, அதுல பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில, ஐப்பசி கார்த்திகைக்குள்ள கொட்டிடும். 1000 சதுர அடி மாடின்னா வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் பக்கம். தண்ணி லாரி கணக்குல பத்துப் பன்னிரண்டு லாரி. அவ்வளவும் அந்த ஒரு மூலையில.

கணக்கா ஒண்ணு சொல்றேன், பொறுமையாப் படிங்க. சின்ன கார் ஆளோட 1200 கிலோ, சக்கரத்துக்கு 300 கிலோ. டயர்ல 33 பி.எஸ்.ஐ. காத்துன்னா, அது தரையை அழுத்தறதும் கிட்டத்தட்ட அதேதான்: சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. அதாவது டயர் தரையைத் தொடற இடம் உள்ளங்கை அளவு. ஊறின களிமண் அரைக் கிலோ தாங்கினாலே பெரிய விஷயம். நடுவுல நல்லா இறுகின கல் இருந்தா, சுமை கீழ போகப் போக அகலமாப் பரவும். 2 அங்குலக் கல்லுன்னா களிக்கு வந்து சேர்றது இன்னும் 1.1 கிலோ, மூழ்கும். 8 அங்குலம்னா 0.3 கிலோ. இன்னோவா ஆள் ஏறினா ரெண்டே கால் டன் வரும், அதுக்கு அதே 8 அங்குலத்துல 0.45. விளிம்புலதான் நிக்குது. அதனால 8-க்குக் கீழ ஒரு அங்குலம்கூடக் குறைக்காதீங்க, மண்ணைக் காய வைக்கிற வழியையும் பண்ணுங்க.

மெக்காடம் ரோடுன்னு சொல்றோமே, அந்த மெக்காடம்ங்கிறவர் இருநூறு வருஷம் முன்னாடி ஸ்காட்லாந்துல இருந்து வந்து சொன்னதே இதுதான். வண்டியைச் சுமக்கறது அடிமண்ணு. உடைச்ச கல்லை இறுக்கி மேல போடறது, அந்த மண்ணு நனையாம இருக்கறதுக்கு. எங்க டிப்பார்ட்மென்ட்ல சேர்ந்த புதுசுல இதை மனப்பாடமாச் சொல்ல வெப்பாங்க. ரோட்டுல எவ்வளவு பேர் கேட்டாங்கங்கிறது வேற கதை.

---

நாலாவது மாடி | டிசம்பர் 14, இரவு 9:02

ஐயா, அப்போ காங்கிரீட் போட்டா தண்ணியே இறங்காதே. நான் சொன்னது சரிதானே?

---

கொத்தனார் மகள் | டிசம்பர் 14, இரவு 9:40

மேல இருந்து இறங்காது. பக்கத்துல இருந்து வர்றதை என்ன பண்ணுவீங்க? அடியில ரப்பிஷ், அதுல காலி இடம், மக்கிப் போற சாக்கு. அது மேல காங்கிரீட் போட்டா ஒரு வருஷம் ஜம்முனு இருக்கும். அப்புறம் ரப்பிஷ் அமுங்கி அடியில பொந்து விழும், இன்னோவா ஏறும்போது பிஸ்கட் மாதிரி விரிசல். பேவரும் இதே கதைதான். பேவர் வெறும் தோல், சுமக்கறது அடிவேலை. மண்ணைச் சமன் பண்ணி ரெண்டு இன்ச் டஸ்ட் மேல பேவர் ஒட்டின எத்தனையோ அபார்ட்மென்ட்ல போய்ப் பாருங்க, சக்கரம் போற தடம் மட்டும் அலை அலையா இருக்கும். எதைப் போட்டாலும் அந்த எட்டு இன்ச்சை முதல்ல கட்டியாகணும். பேவர் போடறதா இருந்தா 60 இல்ல, 80 எம்.எம். வாங்குங்க.

காங்கிரீட்தான் வேணும்னா பழைய பங்களாவுல பார்த்திருப்பீங்களே, சக்கரத்துக்கு மட்டும் ரெண்டு பட்டை, நடுவுல புல்லு. ரெண்டு ரெண்டடி அகலம் போதும், ஆல்டோவுக்கும் சரி இன்னோவாவுக்கும் சரி. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அதுக்கும் அடிவேலை உண்டு.

ஓவர்சியர் சாருக்கு ஒண்ணு: களி மேல ஜியோடெக்ஸ்டைல் கண்டிப்பா வேணும்ங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?

---

பழைய ஓவர்சியர் | டிசம்பர் 15, காலை 5:30

எங்க காலத்துல துணியெல்லாம் கிடையாதும்மா. களி மேல நாலு அங்குலம் மணலோ டஸ்டோ பரப்பி, அதுக்கு மேல கல் அடுக்குவோம். அதுவே சேறு ஏறாம தடுத்தது. சுண்ணாம்பைக் களியோட கலந்து அடிச்சா இன்னும் இறுகும், அதையும் செஞ்சிருக்கோம்.

---

கொத்தனார் மகள் | டிசம்பர் 15, காலை 8:10

சரி சார், ஆனா ரோட்டுல கலக்க மெஷின் இருந்தது. பத்தடிச் சந்துல ஈரக் களியையும் சுண்ணாம்பையும் மம்பட்டியால யாரு ஒண்ணா கலக்கறது? ஒரு இடத்துல கட்டி, ஒரு இடத்துல வெறும் களின்னு நிக்கும். மணல் போட்டா நாலு இன்ச் கூடத் தோண்டணும். மதில் அஸ்திவாரம் பக்கத்துல இருக்கு. துணின்னா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கனம்தான்.

---

பழைய ஓவர்சியர் | டிசம்பர் 15, காலை 8:25

மதில் விஷயம் நியாயம். துணியே போடுங்க.

---

டிப்பர் தம்பி | டிசம்பர் 15, காலை 10:50

அளவு நான் போட்டுத் தரேன்ணா. 380 சதுர அடி. பத்து இன்ச் தோண்டினா 317 கன அடி, மூணு யூனிட் சொச்சம். வெட்டின மண்ணு உப்பும், வண்டியில ஏத்தும்போது நாலு யூனிட்டு ஆகும். எட்டு இன்ச் கெட்டியா வேணும்னா 253 கன அடி, அடிச்சா அமுங்கும்ங்கிறதால கால் பங்கு கூட வாங்கணும், ஆக மூணே கால் யூனிட். மேல ரெண்டு இன்ச் சிப்ஸ் (பொடி ஜல்லி) முக்கால் யூனிட். பழைய ஜல்லியைச் சலிச்சு எடுத்துக் கழுவினா கொஞ்சம் மிச்சம். விலை இங்க எழுத மாட்டேன், எழுதின அன்னிக்கே மாறிடும்.

முன்னெல்லாம் பல்லாவரம், திரிசூலம் பக்கமே கல்லு உடைச்சாங்களாம், எங்க தாத்தா மாட்டு வண்டியில ஏத்தியிருக்கார். இப்போ செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போகணும், அதான் வாடகை.

---

பழைய ஓவர்சியர் | டிசம்பர் 15, காலை 11:30

அந்தப் பல்லாவரம் கல்லுக்கு சார்னகைட்னு பேரு. கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறைக்கு வெச்ச கல்லு இந்த வகைதான், அதனால அந்தப் பேரு. சும்மா சொன்னேன்.

தம்பி, வேலையை இப்போ ஆரம்பிக்காதீங்க. ஊறின களியை வெட்டி இறுக்க முடியாது, சப்பாத்தி மாவு மாதிரி நெளியும். தை போகட்டும், மாசியில வெச்சுக்கோங்க. வெட்டின மண்ணை ஏரிக்கரையிலோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலோ கொட்டிட்டு வரச் சொல்லி அனுப்பாதீங்க. அங்க கொட்டின மண்ணுதான் திரும்ப நம்ம வீட்டுக்குத் தண்ணியா வருது.

---

ஒத்தையடிப்பாதை | பிப்ரவரி 26, இரவு 11:15

வேலை முடிஞ்சது. முடிக்கறதுக்குள்ள என் ரத்த அழுத்தம் ஏறினது தனி.

முதல்ல தொட்டியைத் தூர் வாரி, புதுசா ஜல்லி, மணல் மாத்தினோம். மாடிக் குழாய் ரெண்டையும் பாதைக்குக் குறுக்கே கொண்டு வராம, வீட்டோரமாவே ஓட்டித் தொட்டிக்கு விட்டாச்சு. நிரம்பினா வழியற தண்ணி தெருவுல இருக்கற மழைநீர் வடிகாலுக்கு. பிளம்பர் பாதாளச் சாக்கடையில சொருகிடலாம் சார்னு அடம். அதுல மழைத்தண்ணி விடக் கூடாதுன்னு சொல்லி நிறுத்தினேன்.

அப்புறம் தோண்டல். ரப்பிஷ் முழுக்க வெளிய. ரெண்டு இடத்துல பொந்து இருந்தது, அங்க மட்டும் இன்னும் அரை அடி ஆழம் போய் நாற்பது எம்.எம். ஜல்லி அடைச்சோம். மதில் பக்கம் ஒரு அடி விட்டுச் சரிவா வெட்டினோம்.

துணி விரிச்சு, லோடு வந்ததும் கான்ட்ராக்டர் ஆளுங்க எட்டு இன்ச்சையும் ஒரே மூச்சுல கொட்டிப் பரப்பிட்டாங்க. நான் ஆபீஸ்ல. சாயங்காலம் வந்து பார்த்தா மெஷினை மேலோட்டமா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு டீ குடிச்சிட்டிருக்காங்க. குச்சியால குத்தினா கீழ நாலு இன்ச் பொலபொலன்னு இருக்கு. "அதெல்லாம் வண்டி ஏற ஏற செட்டாயிடும் சார்." இந்த வாக்கியத்தை ரெண்டு வருஷம் முன்னாடியும் கேட்டேன். பாதியை வாரி ஓரமாப் போட வெச்சு, தண்ணி தெளிச்சு, நாலு இன்ச் அடிச்சு, மறுபடி நாலு இன்ச். ரோலர் கேட்டுக்குள்ள வரல, தட்டு மாதிரி அதிர்ற காம்பாக்டர்தான். ஓரங்களுக்கு ஒரு பெரியவர் திமிசுக் கட்டையால இடிச்சார். மெஷின் அடிச்ச இடத்தைவிட அவர் இடிச்ச இடம்தான் கெட்டி.

---

கொத்தனார் மகள் | பிப்ரவரி 26, இரவு 11:40

ரெண்டு லேயரா பிரிச்சு அடிக்க வெச்சீங்க பாருங்க, அதுக்கே பாதி மார்க். வாட்டம் எவ்வளவு கொடுத்தீங்க?

---

ஒத்தையடிப்பாதை | பிப்ரவரி 27, காலை 7:02

நாலு அடிக்கு ஒரு இன்ச். பத்தடிக்கு ரெண்டரை இன்ச், வீட்டுப் பக்கம் மேடு, மதில் பக்கம் தாழ்வு. மதிலோரம் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி எடுத்து, ஓட்டை போட்ட பிவிசி குழாய் வெச்சு ஜல்லியால மூடியிருக்கோம். ரெண்டு ஓரமும் கர்ப் கல். பெசன்ட் நகர் மேடத்துக்கு நன்றி. சம்ப் மூடி மேல சக்கரம் ஏறாம இருக்க அந்த மூலையில ரெண்டு பெரிய தொட்டி வெச்சு செம்பருத்தி நட்டுட்டாங்க வீட்டுல.

---

பெசன்ட் நகர் மொட்டைமாடி | பிப்ரவரி 27, காலை 9:15

ஐப்பசியில வந்து சொல்லுங்க. மாசியில எல்லா ரோடும் நல்ல ரோடுதான்.

---

ஒத்தையடிப்பாதை | நவம்பர் 18, காலை 6:50

வந்துட்டேன். நேத்து ராத்திரி முழுக்க அடிச்ச மழைக்கு தெருவுல கணுக்கால் தண்ணி. இன்னோவா ரெண்டு நாளா ஒரே இடத்துல நின்னது. காலையில எடுத்துட்டுப் போன அப்புறம் ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன், சக்கரத் தடம் அரை இன்ச்கூட இல்ல, அதுவும் மேல இருக்கற சிப்ஸ் ஒதுங்கினதுதான். கம்பியைக் குத்தினா உள்ள போக மாட்டேங்குது.

குறை ஒண்ணு இருக்கு. கேட் பக்கம் எல்லாரும் ஸ்டியரிங் ஒடிக்கிற இடத்துல சிப்ஸ் பறிஞ்சு ஓரமாக் குவியுது. மாசம் ஒரு தடவை பலகையால இழுத்து விடறேன். அந்த ஆறடிக்கு மட்டும் பேவர் போட்டுடலாமான்னு யோசனை.

---

பழைய ஓவர்சியர் | நவம்பர் 18, காலை 7:05

போடுங்க. அடிவேலைதான் இருக்கே, மேல சிப்ஸைச் சுரண்டிட்டு டஸ்ட் போட்டுப் பதிச்சா போதும். ஆனா தெருப் பக்கம் சாய்தளத்தை ரோட்டுக்கு நீட்டிடாதீங்க, இடிச்சுட்டுப் போயிடுவாங்க.

---

டிப்பர் தம்பி | நவம்பர் 18, காலை 9:30

சூப்பர்ணா. பைக் சைடு ஸ்டாண்டு இறங்குமே, அதுக்கு என்ன பண்ணீங்க?

---

ஒத்தையடிப்பாதை | நவம்பர் 18, காலை 9:41

ஸ்டாண்டுக்கு அடியில கடப்பா கல் துண்டு ஒண்ணு வெச்சிருந்தேன். நேத்து மாடி வீட்டு அம்மா அதைக் கழுவி இட்லி மாவு டப்பா மேல பாரம் வெச்சிருக்காங்க. கேக்க சங்கடமா இருக்கு, இப்போதைக்குத் தேங்காய் ஓடு.